ஐ.டி. சம்பளமும் ஆளெடுப்பும்: சென்னையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

வேலை தேடுபவர்கள், கம்பெனி மாற நினைப்பவர்கள், "பையனுக்கு ஆஃபர் வந்திருக்கு, இது நல்ல சம்பளமா?" என்று விசாரிக்கும் பெற்றோர் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே படிப்பு, கிட்டத்தட்ட ஒரே வேலை, ஆனால் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் அடுத்தடுத்த கட்டடத்தில் இருக்கும் இருவருக்கு இரண்டு மடங்கு சம்பள வித்தியாசம். இது எப்படி என்பதுதான் பாதிக் கேள்விகளுக்கு அடியில் இருக்கும் சந்தேகம்.

ஃப்ரெஷருக்கு இப்போது எவ்வளவு தருகிறார்கள்?

ஒரே தொகை என்று எதுவும் இல்லை. ஒரே கம்பெனிக்குள்ளேயே இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன. டி.சி.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'நின்ஜா' என்ற படியில் சேர்பவருக்கு ஆண்டுக்கு 3.36 லட்சம், 'டிஜிட்டல்' படிக்கு சுமார் 7 லட்சம், 'பிரைம்' என்றால் அதற்கும் மேலே. இன்ஃபோசிஸில் தொடக்கப்படி 3.6 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் காக்னிசண்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கிறது என்று சமூக வலைத்தளங்களில் பெரிய கேலி நடந்தது. அது பி.எஸ்சி., பி.சி.ஏ. போன்ற மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கான தொகை என்றும், பொறியியல் படித்தவர்களுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை தருவதாகவும் கம்பெனி விளக்கம் சொன்னது.

எந்தப் படியில் உட்காரப்போகிறீர்கள் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு நாள் ஆன்லைன் தேர்வின் கோடிங் பகுதிதான் முடிவு செய்கிறது. ஆப்டிட்யூடில் நல்ல மதிப்பெண் வாங்கி, கோடிங்கில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டவர் 3.36-லும், அதை முடித்தவர் 7-லும் சேர்வது சாதாரணமாக நடக்கிறது. கல்லூரியில் கடைசி ஆறு மாதம் எதற்குச் செலவாக வேண்டும் என்று கேட்டால் என் பதில் இதுதான். அரியர் இல்லாமல் 60 சதவீதம் என்பது பல இடங்களில் உள்ளே நுழைவதற்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மூன்று சொச்சம் லட்சம்தானே?

ஆமாம். 2010களின் தொடக்கத்தில் சேர்ந்த அண்ணன்மார்களும் மூன்று லட்சத்தை ஒட்டித்தான் வாங்கினார்கள். 2012-ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2025-ல் 190-ஐத் தாண்டிவிட்டது. அன்றைய மூன்று லட்சத்துக்கு நிகராக வேண்டுமென்றால் இன்று கிட்டத்தட்ட ஆறு லட்சம் வேண்டும். சோழிங்கநல்லூரில் ஷேரிங் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் எவரிடமும் இதற்குக் குறியீடு காட்டத் தேவையில்லை.

கம்பெனிகள் ஏன் ஏற்றவில்லை? அந்தச் சம்பளத்துக்கும் வரிசையில் ஆள் நிற்கிறது என்பது முதல் காரணம். தமிழ்நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பொறியியல் முடித்து வெளியே வருகிறார்கள். இன்னொன்று, சர்வீஸ் கம்பெனியின் வருமானம் ஒவ்வொரு ஆளுக்கும் கிளையண்ட் தரும் பில்லிங்கில் இருந்து வருகிறது. புதிதாகச் சேர்ந்தவரைப் பல மாதம் பில் செய்ய முடியாது. பயிற்சி, பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது) என்று போகும் அந்தக் காலச் செலவைக் கம்பெனி ஃப்ரெஷர் சம்பளத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்டுகிறது. மேலே இருப்பவர்களின் சம்பளம் இதே காலத்தில் பல மடங்கு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கோபம் வருவது நியாயம்தான்.

ஆஃபர் லெட்டரில் 6 லட்சம் என்று இருக்கிறது. மாதம் 50,000 வருமா?

வராது. வீட்டில் எல்லாரிடமும் "மாசம் அம்பதாயிரம்" என்று சொல்வதற்கு முன் லெட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன்.

மொத்தம் 6,00,000. அதில் 10 சதவீதம் வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை), அதாவது 60,000. அடிப்படைச் சம்பளம் 3,00,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 36,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 14,430. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஒரு 9,570. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 4,80,000. மாதத்துக்கு 40,000. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000 போகும். தொழில்வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500. தமிழ்நாட்டில் அதை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். கையில் வருவது சுமார் 36,800.

வருமான வரி இந்தக் கணக்கில் இல்லை. 2025-26 நிதியாண்டில் இருந்து, புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை.

ஆஃபரை ஒப்பிடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். வேரியபிள் எவ்வளவு? பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, அல்லது 15,000 வரம்புக்கு உட்பட்ட மாதம் 1,800-ஆ? ஜாயினிங் போனஸைச் சி.டி.சி.க்குள் சேர்த்துக் காட்டியிருக்கிறார்களா? மூன்றாவது விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் ஆண்டு மட்டும் வரும் பணம் அது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பியும் கட்ட வேண்டியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றின்படி மொத்தச் சம்பளத்தில் பாதியாவது, கிராஜுவிட்டி போன்றவற்றைக் கணக்கிடப் பயன்படும் 'ஊதியம்' என்ற கணக்கில் வர வேண்டும். அடிப்படையை 30, 35 சதவீதத்தில் வைத்து மீதியை அலவன்ஸாகப் பிரித்துக்கொண்டிருந்த கம்பெனிகள் அட்டவணையை மாற்ற வேண்டியிருக்கிறது. கிராஜுவிட்டி கூடும். அதே சி.டி.சி.யில் கையில் வருவது சற்றே குறையலாம்.

வேரியபிள் முழுதாக வருமா?

கம்பெனி, யூனிட், உங்கள் ரேட்டிங் மூன்றும் நன்றாக இருந்தால் வரும். பட்ஜெட் போடும்போது அதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ், புராடக்ட், ஜி.சி.சி. என்கிறார்களே, சம்பளத்தில் அவ்வளவு வித்தியாசமா?

வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பத்து வருட அனுபவம் உள்ள ஒரு ஜாவா டெவலப்பரைப் பற்றிப் பேசும்போது 'அவர் எவ்வளவு திறமைசாலி' என்பதற்கு முன் 'அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது' என்று கேட்க வேண்டும்.

சர்வீஸ் கம்பெனியில் அந்த நாற்காலிக்குக் கிளையண்ட் ஒரு மணிநேரக் கட்டணம் தருகிறார். கம்பெனியின் லாபம், மேலாளர்கள், விற்பனைக் குழு, பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் பங்குபோட்ட பிறகு உங்களுக்கு வருகிறது. கட்டணம் ஏறாதவரை உங்கள் சம்பளத்துக்கும் ஒரு மேல் வரம்பு இருக்கும். மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது.

ஜி.சி.சி. என்பது வெளிநாட்டுக் கம்பெனி தனக்கே இங்கே நடத்தும் அலுவலகம். நடுவில் ஆள் இல்லை. அவர்கள் உங்கள் சம்பளத்தை அமெரிக்காவிலோ லண்டனிலோ அதே வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிடுகிறார்கள், அதனால் தாராளம். ஐ.டி. தொழில் கூட்டமைப்பான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான ஜின்னோவும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி 2024 நிதியாண்டில் இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட ஜி.சி.சி.கள் இருந்தன, சுமார் 19 லட்சம் பேர் அவற்றில் வேலை பார்த்தார்கள். சென்னைக்கு இது புதிதும் அல்ல. உலக வங்கியும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டும் 2001 வாக்கிலேயே இங்கே இத்தகைய அலுவலகங்களைத் தொடங்கிவிட்டன. ஃபோர்டு, அஸ்ட்ராஜெனிகா, பேபால், ஃபைசர், யு.பி.எஸ். என்று பட்டியல் நீள்கிறது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் புதிய வேலைகளுக்கு முதலாண்டு 30, இரண்டாமாண்டு 20, மூன்றாமாண்டு 10 சதவீதம் என்று ஊதிய மானியத்தைத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது, இவற்றை இழுக்கத்தான்.

ஆனால் ஜி.சி.சி.கள் ஃப்ரெஷர்களைக் குறைவாகத்தான் எடுக்கின்றன. அனுபவசாலிகளைச் சர்வீஸ் கம்பெனிகளில் இருந்து தூக்குவதுதான் அவர்கள் வழக்கம். அதனால் சர்வீஸில் மூன்று நான்கு வருடம், பிறகு ஜி.சி.சி. என்பது சென்னையில் பலர் போகும் பாதையாகிவிட்டது. தலைமையகம் ஒரு முடிவெடுத்தால் ஒரு குழுவே காணாமல் போகும் ஆபத்தும் அங்கே இருக்கிறது.

புராடக்ட் கம்பெனியில் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கே இல்லை, மென்பொருள் விற்றால் பணம். இங்கேயே வளர்ந்த ஸோஹோ தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கிறது. நேர்முகத் தேர்வு கடினம், இடம் குறைவு.

பங்கு தருகிறோம், சம்பளம் கொஞ்சம் குறைவு என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அந்தச் செய்தியை இன்றும் ஸ்டார்ட்அப் ஹெச்.ஆர்.கள் மேற்கோள் காட்டுவார்கள். அதே பங்கு 36 டாலரில் வெளியாகி, பின்னர் அதில் பாதிக்கும் கீழே இறங்கியதைச் சொல்ல மாட்டார்கள். பட்டியலாகாத கம்பெனியின் பங்கை விற்கவே வழி இருக்காது. விருப்ப உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும்போதே அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும், விற்கும்போது மூலதன ஆதாய வரி தனி. ரொக்கச் சம்பளத்தில் வாடகையும் இ.எம்.ஐ.யும் தாராளமாக ஓடும் என்றால் மட்டும் எடுங்கள்.

2021-ல் எல்லாரும் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு மாறினார்கள். இப்போது ஏன் அப்படி இல்லை?

அந்த ஒன்றரை வருடம் ஒரு விதிவிலக்கு. கொரோனாவில் உலகமே ஆன்லைனுக்கு மாற, எல்லாக் கிளையண்டும் ஒரே நேரத்தில் ஆள் கேட்டார்கள். டி.சி.எஸ். 2021-22-ல் மட்டும் நிகரமாக ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்த்தது. இன்ஃபோசிஸில் ஆட்கள் விலகும் விகிதம் 28 சதவீதத்தைத் தொட்டது. கையில் மூன்று ஆஃபரோடு நான்காவதற்கு இன்டர்வியூ போனார்கள்.

பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறியது, வங்கிகளும் கடைகளும் செலவைச் சுருக்கின. 2023-24-ல் டி.சி.எஸ்.ஸின் ஆள் எண்ணிக்கை 13,000-க்கு மேல் குறைந்தது. இன்ஃபோசிஸில் கிட்டத்தட்ட 26,000. அன்று இரண்டு மடங்கு வாங்கியவர்களில் சிலர் இன்று மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் அனுபவத்துக்கு உரிய வரம்பைத் தாண்டியிருப்பதால் வெளியே யாரும் மேலே தரத் தயாரில்லை, உள்ளே ஹைக்கும் (சம்பள உயர்வும்) இல்லை. குறைத்துக்கொண்டு மாறுவது அவமானம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம் என்றால் மாறிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆஃபர் லெட்டர் வந்து ஒரு வருடம் ஆகிறது. ஜாயினிங் தேதி வரவில்லை.

காத்திருக்காதீர்கள். 2022-ல் இன்ஃபோசிஸ் ஆஃபர் வாங்கிய இரண்டாயிரம் பேர் அளவில் இரண்டு வருடம் வரை காத்திருந்த விவகாரம் தொழிலாளர் அமைச்சகம் வரை போனது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு உடனே சேர்கிறீர்களா என்று கேட்டது. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தாலும் முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறும்வரை வேறு இடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். நடுவில் கிடைத்த சின்ன கம்பெனியில் சேர்ந்துவிடுவது வீட்டில் சும்மா இருப்பதைவிட நூறு மடங்கு மேல். அடுத்த ஹெச்.ஆர். பார்ப்பது இடைவெளியைத்தான்.

இரண்டு வருட பாண்ட் போடச் சொல்கிறார்கள். செல்லுமா?

பாண்ட் என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, அதிகாரி நிலைப் பதவி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி என்றால் அந்தப் படியிலேயே இறங்கிவிடுங்கள்.

ஏ.ஐ. வந்து வேலையெல்லாம் போய்விடுமா?

எல்லாம் போகாது. எது போகிறது என்பது ஓரளவு தெரிகிறது. மேனுவல் டெஸ்டிங், எல்1 சப்போர்ட் (முதல் கட்ட உதவி), ஒரே மாதிரி ரிப்போர்ட் எழுதும் வேலைகளுக்கு முன்பு பத்துப் பேர் கேட்ட கிளையண்ட் இப்போது ஆறு பேர் போதும் என்கிறார், "ஏ.ஐ. வைத்துச் செய்யுங்கள், விலையைக் குறையுங்கள்" என்றும் சேர்த்துக் கேட்கிறார். டெஸ்டிங்கில் பெயர் வாங்கிய சென்னைக்கு இது கொஞ்சம் பலமாகவே வலிக்கும்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரை விலக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் உள்ளவர்கள் என்று சொன்னது. காரணம் ஏ.ஐ. இல்லை, புதிய தேவைக்கு ஏற்ற திறன் இல்லாததுதான் என்பது அவர்கள் விளக்கம். எதுவாக இருந்தாலும், பதினைந்து வருடமாகக் கோடு எழுதாமல் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் மேனேஜர்தான் இப்போது அதிகம் பயப்பட வேண்டியவர் என்று நினைக்கிறேன். இருபத்து மூன்று வயதுக்காரருக்கு மாறிக்கொள்ள நேரம் இருக்கிறது.

ஏ.ஐ. சர்டிஃபிகேட் மட்டும் வாங்கினால் சம்பளம் ஏறாது. கிளவுட், டேட்டா இன்ஜினியரிங், செக்யூரிட்டி போன்ற ஒன்றில் கைப்பழக்கமும், வங்கி, காப்பீடு, வாகனத் துறை என்று ஏதாவது ஒரு தொழிலின் உள்விவரமும் சேர்ந்து இருப்பவர்களைத்தான் இன்றும் தேடுகிறார்கள்.

மாறும்போது எவ்வளவு கேட்கலாம்?

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்.

"கரண்ட் சி.டி.சி. எவ்வளவு?"
"எட்டரை."
"எக்ஸ்பெக்டேஷன்?"
"பதினாறு."
"எங்க பாலிசிப்படி முப்பது பர்சண்ட்தான் தர முடியும்."

அப்படி ஒரு பாலிசி இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்கென்று பட்ஜெட் ஒன்றும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் வெளியே கொண்டுவர வேண்டும். "இந்த ரோலுக்கு உங்கள் ரேஞ்ச் என்ன?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ம் கேட்பார்கள். கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் அதுதான் பலமான வாதம். உள்ளேயே இருந்தால் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஆண்டு ஹைக் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். ராஜினாமா கொடுத்த பிறகு "இரு, கூட்டித் தருகிறோம்" என்று வரும் கவுண்டர் ஆஃபரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல் போடும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

90 நாள் நோட்டீஸ். யாரும் காத்திருக்கத் தயாரில்லையே?

அதனால்தான் வேலை விளம்பரங்களில் 'இம்மீடியட் ஜாயினர்' என்று போடுகிறார்கள். சிலர் சுமாரான ஒரு ஆஃபரை வாங்கி பேப்பர் போட்டுவிட்டு (ராஜினாமா கொடுத்துவிட்டு), நோட்டீஸ் காலத்திலேயே நல்லதைத் தேடுகிறார்கள். 2021-ல் இது ஓடியது. இன்று ஆஃபரை ரத்து செய்யும் கம்பெனிகளும் இருப்பதால் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இறங்க வேண்டாம். பைஅவுட் (மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி முன்பே விலகுவது) வசதி இருக்கிறதா, புதிய கம்பெனி அதைத் தருமா என்று கேளுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் ஓடிப்போவது மட்டும் கூடாது.

இரண்டு வருட அனுபவம் 'போட்டுத் தருகிறோம்', 'பேக்டோர்' வேலை வாங்கித் தருகிறோம் என்கிறார்களே?

பணம் கேட்டாலே மோசடி. பொய் அனுபவச் சான்றிதழைப் பின்னணிச் சரிபார்ப்பில் பிடிப்பது இப்போது சுலபம், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்று வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து மாட்டி வெளியே அனுப்பப்பட்டவர்களும் உண்டு. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியன்மாரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-ல் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜெண்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள்.

கோவை, மதுரை, திருச்சியில் சம்பளம் குறையுமா?

பெரிய கம்பெனியின் கிளை என்றால் பெரும்பாலும் அதே சம்பளம், உள்ளூர்க் கம்பெனி என்றால் குறையும். கோவை தனி ரகம், அங்கே நல்ல போட்டி இருக்கிறது. விழுப்புரத்திலும், பிறகு தஞ்சாவூர், சேலத்திலும் 2024-ல் சிறிய டைடல் பூங்காக்கள் (ஐ.டி. கம்பெனிகளுக்கான அரசு வளாகங்கள்) திறந்தார்கள். வாடகை மிச்சமாவதைக் கணக்கில் சேர்த்தால் சென்னையின் ஏழும் மதுரையின் ஐந்தரையும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வேலை தேடும்போது ஊருக்குள் வேறு கம்பெனி இருக்கிறதா என்று யோசியுங்கள்.

ஆன்சைட் (வெளிநாட்டில் கிளையண்ட் இடத்தில் வேலை) இன்னும் கிடைக்குமா?

குறைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 21 முதல் புதிய ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது. மூன்று நான்கு வருட அனுபவக்காரருக்காக எந்தக் கம்பெனியும் அதைக் கட்டாது. 'ஆன்சைட் அனுப்புவோம்' என்ற வாக்குறுதிக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹெச்.ஆர். கூப்பிட்டு "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. மேலாண்மைப் பொறுப்பில் இல்லாதவரை ஆட்குறைப்பில் விலக்கினால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். நீங்களாக ராஜினாமா கொடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும், அதனால்தான் ராஜினாமா கேட்கிறார்கள். மேனேஜராக இருந்தால் சட்டப் பாதுகாப்பு குறைவு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

சில நேரம் பேசித் தீர்ப்பதே லாபம். மூன்று நான்கு மாதச் சம்பளம், காப்பீட்டு நீட்டிப்பு, ரிலீவிங் லெட்டரில் சாதாரண வார்த்தைகள் ஆகிய மூன்றையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடலாம். வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் நிலுவை ஊதியத்தைத் தந்துவிட வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டம் சொல்கிறது. ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பே ஸ்லிப், ஃபார்ம் 16, அப்ரைசல் லெட்டர்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாதம் கழித்து பி.எஃப். தளத்தில் நுழைந்து, கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியவில்லை என்றால் கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆனபின் நீங்களே அதைப் பதிந்துகொள்ள அங்கே வசதி இருக்கிறது.